போருக்குப் போனவர்களை வீட்டில் நினைப்பது: சேலம் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

சேலம், ஆத்தூர், மேட்டூர், ஏற்காடு பக்கத்துக் குடும்பங்களில் "எங்க பெரிய தாத்தா சண்டைக்குப் போய் வரவே இல்லை" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நிறைய. பரணில் கிடந்த பெட்டியைத் திறந்து ஒரு பதக்கத்தைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்பவர்களும் உண்டு. நான் பள்ளியில் வரலாறு நடத்தியவன். என் வீட்டிலும் அப்படித் திரும்பி வராதவர் ஒருவர் உண்டு. அதனால் இந்தக் கேள்விகள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டில் யாரும் பட்டாளத்துக்குப் போகவில்லை. எங்களிடம் என்ன போர் நினைவு இருக்கப் போகிறது?

துப்பாக்கி பிடித்தவர் வீட்டுக்கு மட்டும்தான் போர் வந்தது என்று நினைக்க வேண்டாம். சேலம் மாவட்டம் பல தலைமுறையாகக் கடல் தாண்டி ஆள் அனுப்பிய மாவட்டம். திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு போலவே இங்கேயும் கங்காணிகள் ஊர் ஊராக வந்து மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் போனவர்களும் உண்டு. 1938-ல் மலேயாவுக்குத் தோட்டத் தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. அதற்கு முன் போனவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் படை மலேயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அதோடு கடிதம் நின்றது, மணியார்டர் நின்றது. "அப்புறம் தகவலே இல்லை" என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருந்தால், உங்கள் வீட்டுப் போர்க் கதை அதுதான்.

பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் கதை தனி. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது குண்டு விழுந்தது. அதன்பின் லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து இம்பால் வழியாகவும் அரக்கான் வழியாகவும் வந்தார்கள். வழியில் விட்டுவிட்டு வந்த குழந்தையைப் பற்றி மட்டும் பேசாத பாட்டிகள் இருந்திருக்கிறார்கள்.

பர்மா அரிசி வராமல் போனதால் சென்னை மாகாணம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தது. கேழ்வரகும் கம்பும் சோளமும்கூட அளந்து கொடுத்த வருஷங்களைப் பற்றி உங்கள் ஆயா பேசியிருந்தால் அதையும் எழுதி வையுங்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பயத்தில் சென்னையைக் காலி செய்துவிட்டு உள்மாவட்டங்களுக்கு வந்தவர்களை, திண்ணையில் தங்க வைத்த வீடுகளும் உண்டு.

தாத்தா எந்தப் போரில் இருந்தார் என்றே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பெட்டியிலிருந்து. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம், பழைய போட்டோவின் பின்பக்கம், பதக்கம், பதக்க ரிப்பன். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் போதும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ரெஜிமெண்ட் நம்பர். அது கிடைத்துவிட்டால் பெயர்க் குழப்பம் பாதி தீர்ந்தது.

ரிப்பனின் நிறமே பல விஷயங்களைச் சொல்லும். இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் ஆறு முனை நட்சத்திர வடிவம் கொண்டவை சில உண்டு. கருநீலம், சிவப்பு, இளநீலம் மூன்றும் சம அகலப் பட்டைகளாக இருந்தால் அது 1939–45 ஸ்டார். கடற்படை, தரைப்படை, விமானப்படை மூன்றையும் அந்த நிறங்கள் குறிக்கின்றன. கருநீலத்தின் நடுவே அகலமான சிவப்பும், இருபுறமும் ஆரஞ்சுக் கோடும் இருந்தால் பர்மா ஸ்டார். மணல் நிறத்தில் இருந்தால் ஆப்பிரிக்கா ஸ்டார். சிவப்பு, வெள்ளை, பச்சை என்று இத்தாலியக் கொடியின் நிறங்கள் இருந்தால் இத்தாலி ஸ்டார். நம் ஊர்க்காரர் இத்தாலியில் எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். போனார்கள். காஞ்சிபுரம் பக்கத்து ஆளான சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்தவர், 1944 பிப்ரவரியில் இத்தாலியில் வெடிக்கப் போன கண்ணிவெடி மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் விருது அவருக்கு இறந்தபின் வந்தது.

முதல் உலகப் போர்ப் பதக்கம் என்றால் விளிம்பைப் பாருங்கள். நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அந்த விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பிரிட்டிஷ் வார் மெடல் பொதுவாக வெள்ளி. தொழிலாளர் படையில் போனவர்களுக்கு அதையே வெண்கலத்தில் கொடுத்தார்கள். ஆகவே வெண்கலமாக இருந்தால், அவர் மண்வெட்டியோடு போனவராக இருக்க வாய்ப்பு அதிகம். கொலுசு செய்யும் ஊரில் வெள்ளிப் பதக்கம் எங்கே போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பஞ்ச காலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் எடைக்குப் போட்டோம் என்று சொல்பவர்கள் மேல் கோபப்பட வேண்டாம். அன்றைக்கு அதில்தான் அடுப்பு எரிந்திருக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு என்றால், 1965-க்கு சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா மெடலும்; 1971-க்கு பூர்வி ஸ்டார், பஷ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல்; கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார். பூர்வி என்றால் கிழக்கு முனை, இன்றைய வங்கதேசப் பக்கம். பஷ்சிமி என்றால் மேற்கு.

பதக்கம் கறுத்துக் கிடக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம். எழுத்து தேய்ந்து போகும். உலர்ந்த பருத்தித் துணியால் தூசி தட்டிவிட்டு, ரிப்பனைக் கழற்றாமல் தாளில் சுற்றி வையுங்கள். போட்டோவையும் சர்டிபிகேட்டையும் லேமினேஷன் செய்யவும் வேண்டாம்; பிறகு பிரிக்க முடியாது.

பெயரை எங்கே தேடுவது?

1914–18, 1939–45 போர்களில் படையில் இருந்து இறந்தவர் என்றால் முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பட்டியல். கட்டணம் இல்லை. 1917-ல் தொடங்கிய அமைப்பு அது. பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து இரண்டாம் போரில் இறந்தவர்கள் சுமார் 87,000 பேர் அதன் கணக்கில் இருக்கிறார்கள். சிலருடைய பதிவில் அப்பா பெயரும் ஊரும் மாவட்டமும்கூட உண்டு. ஆனால் ஆங்கில எழுத்தில் நம் பெயர்களை வெள்ளைக்கார குமாஸ்தா கேட்டபடி எழுதியிருப்பான். முத்துசாமியை ஐந்து விதமாகத் தேட வேண்டும். பெயரில் கிடைக்கவில்லை என்றால் 'சேலம்' என்ற ஊர்ப்பெயரிலும், படைப்பிரிவின் பெயரிலும் தேடிப் பாருங்கள்.

கல்லறை இல்லாதவர்கள் பெயர் நினைவுச் சுவரில் இருக்கும். பர்மாவில் இறந்து உடல் கிடைக்காதவர்கள் ஏறக்குறைய 27,000 பேருடைய பெயர்கள் ரங்கூன் பக்கத்தில் உள்ள தாவ்க்யான் நினைவிடத்தில் இருக்கின்றன. சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கும் மேல். கோஹிமாவில் மட்டும் தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்குத் தனி நினைவுச் சின்னம். அங்கெல்லாம் போக முடியாதவர்களுக்குச் சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள மதராஸ் போர்க் கல்லறைத் தோட்டம் பக்கம். ஒரு முறை பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

உயிரோடு திரும்பியவர் என்றால் பட்டாள அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமெண்ட்டின் தலைமையிடம் நீலகிரி வெலிங்டன். மதராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு. ரெஜிமெண்ட் நம்பர், பெயர், அப்பா பெயர், ஊர், சேர்ந்த வருஷம், உங்களுக்கு என்ன உறவு என்று தெளிவாக எழுதுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

1947-க்குப் பிறகு இறந்தவர் பெயர் டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவிடத்தின் கருங்கல் பலகைகளில் இருக்கும்.

எங்கள் பெரியப்பா மலேயாவிலிருந்து ரயில் போடப் போனார். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஏன்?

எனக்கு மிக நெருக்கமான கேள்வி இது. என் அப்பாவின் பெரியப்பாவும் அப்படித்தான் போனார்.

சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பான் ராணுவம் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு போர்க் கைதிகள் சுமார் 13,000 பேர் அதில் இறந்தார்கள். அவர்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை, ஒவ்வொன்றிலும் பெயர். கைதிகளோடு வேலை செய்து இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 1 லட்சம் பேர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பெரிய பங்கு. நல்ல கூலி, அரிசி, சில மாதத்தில் திரும்பி விடலாம் என்று சொல்லி அழைத்தார்கள். ஆள் போதாதபோது தோட்டத்தில் புகுந்து பிடித்துக்கொண்டும் போனார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது ஒரு கேம்ப் முழுவதும் காலியானதாகச் சொல்வார்கள்.

படையினருக்கு நம்பர் இருந்தது, ரோல்கால் இருந்தது, பிடிபட்ட பிறகும் சக அதிகாரிகள் ஒளித்து வைத்து எழுதிய பட்டியல் இருந்தது. கூலிக்குப் போனவர்களுக்கு அப்படி எழுதி வைக்க யாரும் இல்லை. போர்க் கல்லறை ஆணையமும் பெரும்பாலும் படையினரையே கணக்கில் கொள்ளும். அதனால் பட்டியலில் தேடித் தேடி ஓய்ந்து போக வேண்டாம். உங்கள் வீட்டில் உள்ளவர்கள் சொல்வதுதான் இருக்கும் ஒரே பதிவு. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அரசு நடத்தும் நினைவு நாட்கள் பெயர் தெரிந்தவர்களுக்கானவை. நம் மாவட்டத்தில் போரால் போனவர்களில் பெயர் எழுதப்படாதவர்கள்தான் மிகுதி என்று நான் நம்புகிறேன். அவர்களுக்கு வீட்டை விட்டால் வேறு இடம் கிடையாது.

அண்மைக் காலத்தில் காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரை வளாகத்தில் இந்தத் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது மனம் கொஞ்சம் ஆறியது. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் பக்கம் முழுக்க நடுகற்கள் கிடைக்கும் பூமி. பல ஊர்களில் அவற்றை வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். பழைய நடுகல் எழுத்தைப் படித்தால் நான்கு தகவல் இருக்கும்: எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எந்தச் சண்டை, இறந்தவன் பெயர். உங்கள் பெரியப்பாவுக்கும் அதேபோல் நான்கை ஒரு தாளில் எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, கடைசிக் கடிதம் வந்த வருஷம், யார் வந்து சொன்னார்கள். இவ்வளவு கிடைத்தாலே பெரிது.

இறந்த தேதி தெரியாது. எந்த நாளில் கும்பிடுவது?

நம் வழக்கத்தில் இதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. திதி தெரியாதவர்களுக்குப் புரட்டாசி மகாளய அமாவாசை. ஆடி அமாவாசை, தை அமாவாசையிலும் செய்கிறார்கள். இங்கிருந்து மேட்டூருக்கோ பவானி கூடுதுறைக்கோ போய் எள்ளும் தண்ணீரும் விடுவது வழக்கம்தானே, அங்கே இவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். தர்ப்பணம் செய்யாத குடும்பங்கள் படையல் போடும்போது ஒரு இலை கூடுதலாகப் போடலாம்.

கிறிஸ்தவக் குடும்பங்கள் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். இஸ்லாமியக் குடும்பங்களில் பாத்திஹா ஓதும்போது சொல்லலாம். சாமி கும்பிடாத வீடு என்றால் கடைசிக் கடிதம் வந்த தேதியையோ, வீட்டை விட்டுக் கிளம்பிய நாளையோ வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சூரமங்கலம் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்ட நாளைத்தான் வைத்திருக்கிறார்கள். அது கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் என்று அம்மாவுக்கு ஞாபகம் இருந்ததாம்.

ஒரே ஒரு விஷயம். திரும்பி வருவார் என்று இன்னும் நம்பும் மனிதர் வீட்டில் இருந்தால், அவர் இருக்கும்வரை திதி கொடுக்க வேண்டாம். பல மனைவிகள் கடைசிவரை பொட்டு அழிக்காமல் இருந்தார்கள். அதைத் தவறு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அரசு கடைப்பிடிக்கும் நாட்கள் எவை? அதில் கலந்துகொள்ள வேண்டுமா?

டிசம்பர் 7 கொடி நாள், 1949 முதல். பள்ளியில் சின்னக் கொடி குத்தி உண்டியல் குலுக்கினோமே, அதுதான். அந்தப் பணம் முன்னாள் படைவீரர்களுக்கும் குடும்பங்களுக்கும் போகிறது. டிசம்பர் 16, 1971 வெற்றி நாள். ஜூலை 26, கார்கில். ஜனவரி 15 ராணுவ தினம். நவம்பர் 11, முதல் உலகப் போர் 1918-ல் முடிந்த நாள். காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம் என்பது 1919-லிருந்து வரும் வழக்கம்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு நாள் உண்டு. தீரன் சின்னமலையைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டது 1805 ஜூலை 31. ஆனால் அரசு விழாவும் கூட்டமும் ஆடிப்பெருக்கு அன்றுதான். ஆங்கிலத் தேதியை விட்டுவிட்டு ஆடி 18-ஐ ஜனங்கள் பிடித்துக்கொண்டது எனக்குச் சரியாகவே படுகிறது. புதுப் பானையும் முளைப்பாரியும் காவிரியுமாக ஊரே கிளம்பும் நாளில் ஒருவரை நினைத்தால் யாரும் மறக்க மாட்டார்கள்.

கலந்துகொள்ளுங்கள், முடிந்தால் வீட்டுப் பெரியவரை அழைத்துக்கொண்டு. ஆனால் மாலை போட்டு போட்டோ எடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அன்று மாலை வீட்டில் அவரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள்.

தாத்தா பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்தார். அவர் தம்பி நேதாஜி படையில். இருவர் படத்தையும் ஒன்றாக மாட்டலாமா?

தாராளமாக. இரண்டு பேரும் ஒரே அம்மா வயிற்றில் பிறந்தவர்கள். வறட்சிக் காலத்தில் சம்பளத்துக்காகப் பட்டாளத்தில் சேர்ந்த பையனும், சிங்கப்பூரில் பிடிபட்டோ தோட்டத்தில் கூலி வேலை செய்தபடியோ ஐ.என்.ஏ.வில் (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்த பையனும் அந்தந்த நேரத்தில் கண்முன் இருந்த வழியைத் தேர்ந்தவர்கள். ஐ.என்.ஏ.வில் சேர்ந்த பொதுமக்களில் மலேயாத் தமிழ்த் தொழிலாளர்கள் மிகப் பெரிய பகுதி. நாற்பதுகளில் அவர்களைத் துரோகிகள் என்றார்கள். பிறகு தியாகிகள் என்று 1972 முதல் மத்திய அரசு ஓய்வூதியம் கொடுத்தது. பிரிட்டிஷ் படையில் இருந்தவர்களைப் பற்றியோ சுதந்திரத்துக்குப் பிறகு யாரும் அதிகம் பேசவில்லை. 25 லட்சம் பேர் இருந்த படை அது.

இருவர் படத்துக்கும் அடியில் எந்தப் படை, எந்த வருஷம் என்று தெளிவாக எழுதுங்கள். ஒருவரை உயர்த்த இன்னொருவரை மறைக்க வேண்டாம்.

என் மாமா அமைதிப்படையில் போய் யாழ்ப்பாணத்தில் இறந்தார். பக்கத்தில் முகாமில் இருக்கும் ஈழத்துக் குடும்பத்தோடு எங்களுக்கு நல்ல பழக்கம். மே மாதம் அவர்கள் அழுகிறார்கள். எங்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இந்தக் கேள்வியை எழுதி அனுப்பிய தங்கைக்கு முதலில் என் வணக்கம்.

1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய அமைதிப்படை இலங்கை போனது; 1990 மார்ச்சில் கடைசி வீரர்கள் திரும்பினார்கள். சுமார் 1,200 வீரர்கள் இறந்தார்கள். 1987 நவம்பர் 25 அன்று இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்தது. அந்த வீரர்கள் ஊர் திரும்பியபோது பெரிய வரவேற்பு இல்லை. இறந்தவர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசவே பலருக்குத் தயக்கம். கொழும்புப் பக்கத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் 2008-ல்தான் வந்தது. உங்கள் அத்தை அந்தத் தயக்கத்துக்கு நடுவில் கணவனை இழந்து தனியாக வாழ்ந்தவர். அவருடைய துக்கத்துக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அதே படையின் கையில் இறந்த பொதுமக்களும் உண்டு. முகாம் குடும்பத்தில் அந்த நினைவும் இருக்கலாம். தாரமங்கலம், தம்மம்பட்டிப் பக்கத்து முகாம்களில் 1983-லிருந்து அலை அலையாக வந்தவர்கள் இருக்கிறார்கள். மே 18 அவர்களுக்கு முள்ளிவாய்க்கால் நாள். 2009-ல் போரின் கடைசி மாதங்களில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் சொன்னது. அந்த நாட்களில் அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டும் போட்டுக் காய்ச்சிக் குடித்த கஞ்சியை இன்றும் மே மாதத்தில் காய்ச்சிக் கொடுக்கிறார்கள்.

கஞ்சி கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். அன்று உங்கள் மாமாவைப் பற்றிப் பேச வேண்டாம். வேறொரு நாள், பழக்கம் அனுமதித்தால், அவர்களே கேட்கும்போது சொல்லுங்கள். இரண்டு வீட்டுத் துக்கத்தையும் தராசில் வைத்து எது கனம் என்று பார்க்கிற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். யார் சரி என்பதை இரண்டு வீட்டாரும் சேர்ந்து தீர்க்க முடியாது. சேர்ந்து உட்கார முடியும்.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு: விடுதலைப் புலிகள் அமைப்பு இந்தியாவில் 1992 முதல் தடை செய்யப்பட்டது. அதன் கொடி, சின்னம் வைத்து நடத்தும் நிகழ்ச்சி வேறு. செத்துப் போன அம்மாவுக்கும் தங்கைக்கும் வீட்டில் விளக்கேற்றுவது வேறு.

ஆயாவிடம் கேட்டால் "அதெல்லாம் எதுக்குச் சாமி இப்ப" என்கிறார். எப்படிப் பேச வைப்பது?

பேச வைக்க வேண்டாம். அவர் பேசும்போது பக்கத்தில் இருங்கள். போனை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டி "சண்டையைப் பத்திச் சொல்லுங்க" என்றால் யாருக்கும் வாய் வராது. கடலை உரிக்கும்போது, புளி தட்டும்போது, கூடவே உட்கார்ந்து சின்ன விஷயம் கேளுங்கள். தாத்தா லீவில் வந்தால் என்ன வாங்கி வருவார்? கடிதத்தை யார் படித்துக் காட்டினார்கள்? மணியார்டர் எந்தத் தேதியில் வரும், தபால்காரர் வராத மாதம் என்ன சாப்பிட்டீர்கள்? உங்கள் பெயரில் பென்ஷன் வந்ததா, இல்லை கொழுந்தனார் கையில் போனதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் சில குடும்பங்களின் முழுக் கதையும் இருக்கும்.

பதிவு செய்வதானால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "இதை எழுதாதே" என்றால் எழுதாதீர்கள். கொன்றீர்களா, எத்தனை பேர் என்று முன்னாள் வீரரிடம் கேட்கவே கூடாது. அவரே சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள், மேற்கொண்டு தோண்ட வேண்டாம். பேசிய இரவு அவருக்குத் தூக்கம் வராது, கூட யாராவது படுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் சொல்வதும் வரலாற்றுத் தேதியும் பொருந்தவில்லை. எதை எழுதுவது?

இரண்டையும், தனித்தனியாக. நினைவு வருஷத்தை மாற்றும், பருவத்தை அவ்வளவாக மாற்றாது. "மழை பெய்துகொண்டே இருந்தது", "மாம்பழம் பழுத்திருந்தது" என்பதை நம்பலாம். 1944-ல் கோஹிமாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை சண்டை. மழையும் சேறும் என்று ஒருவர் சொன்னால் மாதம் பொருந்துகிறது.

பார்த்ததும் கேட்டதும் கலப்பதும் உண்டு. நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸே 1945-ல் 'பர்மா ராணி' என்று போர்ப் படம் எடுத்தது. ஏற்காடு ரோட்டில் இன்று வளைவு மட்டும் நிற்கும் இடத்தில்தான் அந்த ஸ்டுடியோ. சின்ன வயதில் அந்தப் படம் பார்த்தவர்களுக்கு ஜப்பான் வீரன் என்றால் அதில் வந்த முகம்தான் நினைவில் நிற்கும். பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். "நீங்க பார்த்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" என்று மெதுவாகக் கேட்டு, பதிலை அப்படியே குறியுங்கள். திருத்தி எழுதாதீர்கள்.

ஏற்காட்டில் ஏதாவது கிடைக்குமா?

பழைய தேவாலயக் கல்லறைகளைப் பொறுமையாகப் பாருங்கள். துரைமார் குடும்பங்களின் கற்களில் போர்க் காலத் தேதிகள் தென்படலாம். ஆனால் அந்தக் காபித் தோட்டங்களில் வேலை செய்த மலையாளிப் பழங்குடி மக்களின் நினைவு கல்லில் இல்லை, ஊர்ப் பெரியவர்கள் பேச்சில் இருக்கிறது. மலைக் கிராமங்களுக்குப் போய்க் கேட்பவர்கள் குறைவு. போனால் முதலில் ஊர்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

குழந்தைகளுக்கு எந்த வயதில் சொல்லலாம்?

பெயரையும் படத்தையும் நடக்கப் பழகும்போதே. எப்படி இறந்தார் என்பதைக் குழந்தையே கேட்கும்போது, கேட்ட அளவுக்கு மட்டும்.

சேர்த்ததை எல்லாம் எங்கே வைப்பது?

போனில் மட்டும் வைக்காதீர்கள். போன் மாறும்போது எல்லாம் போய்விடும். ஒலிப்பதிவைப் பென்டிரைவிலும் இணையத்திலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். சொன்னதைக் கையால் ஒரு நோட்டில் எழுதுங்கள்: சொன்னவர் யார், என்ன உறவு, எந்தத் தேதியில் சொன்னார். போட்டோவின் பின்னால் பால்பாயிண்ட் வேண்டாம், பென்சிலில் பெயர் எழுதுங்கள். அந்த நோட்டுக்கு ஜெராக்ஸ் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் சித்தப்பா வீட்டிலோ அத்தை வீட்டிலோ ஒன்று கொடுத்து வையுங்கள்.

பதக்கமோ கடிதமோ பொது இடத்துக்குக் கொடுக்க விரும்பினால், சேலம் அரசு அருங்காட்சியகத்திலோ அவருடைய ரெஜிமெண்ட்டிலோ ஏற்றுக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள். கொடுக்கும் முன் இருபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்தில் ரசீது வாங்குங்கள், அவருடைய பெயரும் ஊரும் அதோடு சேர்த்து வைக்கப்படும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பென்ஷன் புத்தகத்தின் அசலையும் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டின் அசலையும் மட்டும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். விதவை உதவித்தொகைக்கும் வாரிசு உதவிக்கும் அவை இன்னும் தேவைப்படலாம்.